பாசானின் ராஜா ஓக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓக் என்பவன் யார்?

எபிரெய வேதாகமத்தின்படி, யோர்தான் நதிக்குக் கிழக்கே பாசான் என்னும் தேசத்தை ஆண்ட எமோரிய ராஜா ஓக். எகிப்திலிருந்து வெளியேறி 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேலர், யோர்தானைக் கடந்து கானானுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு, மோசேயின் தலைமையில் கடைசியாக முறியடித்த பெரிய அரசன் இவன். அந்தப் போர் எண்ணாகமம் 21-ஆம் அதிகாரத்தின் இறுதி மூன்று வசனங்களில் சுருக்கமாகவும், உபாகமம் 3-ஆம் அதிகாரத்தில் விரிவாகவும் சொல்லப்படுகிறது. இராட்சதரில் மீந்திருந்தவன் இவன் ஒருவனே என்றும், இவனுடைய இரும்புக் கட்டில் ஒன்பது முழ நீளமும் நாலு முழ அகலமும் உடையது என்றும் உபாகமம் 3:11 கூறுவதால்தான் இன்றுவரை இவன் பெயர் பேசப்படுகிறது.

பாசான் இன்று எந்த நாட்டில் இருக்கிறது?

பெரும்பகுதி இன்றைய தென்மேற்குச் சிரியாவில் இருக்கிறது. கோலான் மேட்டுநிலமும் அதற்குக் கிழக்கே உள்ள ஹவ்ரான் சமவெளியும் சேர்ந்ததே ஏறக்குறையப் பழைய பாசான். வடக்கே எர்மோன் மலையும் தெற்கே யார்முக் நதியும் அதற்கு எல்லைகள். எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கரிய பசால்ட் பாறையும், அது காலப்போக்கில் நொறுங்கி உண்டாக்கிய வளமான மண்ணும் அந்த நிலத்தின் அடையாளம். கோதுமையும் மேய்ச்சலும் கருவாலி மரங்களும் செழித்த தேசம் அது. சங்கீதம் 22-இல் வரும் பாசானின் எருதுகளும், ஏசாயா 2-இல் வரும் பாசானின் கர்வாலி மரங்களும், ஆமோஸ் சமாரியாவின் செல்வப் பெண்களைக் கடிந்துகொள்ளும்போது சொல்லும் பாசானின் மாடுகளும் இந்தச் செழிப்பிலிருந்து வந்தவையே. ஓக் வறண்ட குன்று ஒன்றின் குறுநில மன்னன் அல்லன். யோர்தானுக்குக் கிழக்கே இருந்த மிகச் சிறந்த விளைநிலத்தின் உடைமையாளன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

அவனுடைய இரண்டு தலைமை நகரங்களாக அஸ்தரோத்தும் எத்ரேயியும் குறிப்பிடப்படுகின்றன. எத்ரேயி இன்றைய தெரா நகரம். டமாஸ்கஸுக்குத் தெற்கே, ஜோர்தான் எல்லையருகே உள்ளது. 2011 மார்ச்சில் சிரியாவின் மக்கள் கிளர்ச்சி தொடங்கிய ஊர் என்று செய்திகளில் அறிந்திருப்பீர்கள். அஸ்தரோத் அதற்கு வடமேற்கே உள்ள தெல் அஸ்தாரா என்னும் மேட்டில் இருந்ததாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது.

எத்ரேயியில் நடந்தது என்ன?

எஸ்போனை ஆண்ட சீகோனை இஸ்ரவேலர் முதலில் வென்றார்கள். சீகோனிடம் மோசே தூதர்களை அனுப்பி, வயல்களிலும் திராட்சத்தோட்டங்களிலும் இறங்காமல் ராஜபாதையிலேயே கடந்துபோக அனுமதி கேட்டிருந்தார். அவன் மறுத்துப் போருக்கு வந்தான். ஓக்கிடம் அப்படித் தூது அனுப்பப்பட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை. இஸ்ரவேலர் திரும்பிப் பாசான் வழியாய் ஏறிப்போனபோது, ஓக் தன் மக்கள் அனைவரோடும் எத்ரேயிக்கு எதிர்வந்தான் என்று மட்டுமே வசனம் சொல்கிறது. போரின் முடிவில் அவனும் அவன் குமாரரும் அவன் சேனையும் அழிந்தார்கள். தேசம் இஸ்ரவேலர் வசமானது.

போரின் போக்கைப் பற்றி வேறு ஒரு விவரமும் இல்லை. எந்த ஆயுதம், யார் வெட்டியது, எத்தனை நாள் நடந்தது என்று எதுவும் சொல்லப்படவில்லை. தாவீதுக்கும் கோலியாத்துக்கும் நடந்த சண்டையில் கவசத்தின் எடைவரை சொல்லும் வேதாகமம், ஓக்கின் சண்டையைச் சில வரிகளில் முடித்துவிடுகிறது. அந்த வெற்றிடத்தைத்தான் பிற்காலக் கதைகள் நிரப்பின.

“அவனுக்குப் பயப்படவேண்டாம்” என்று தனியாகச் சொல்லவேண்டிய தேவை என்ன?

சீகோனோடு போர் தொடங்கும்போது இந்த வார்த்தை வரவில்லை. ஓக்கின்முன் நிற்கும்போதுதான் கடவுள் மோசேயிடம் இதைச் சொல்கிறார். இதற்கான விடை ஏறக்குறைய 38 ஆண்டுகள் முன்பு காதேஸ்பர்னேயாவில் நடந்த சம்பவத்தில் இருக்கிறது. ஓக்கைப் பற்றிய பகுதியைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான திறவுகோல் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

கானானை வேவு பார்க்கச் சென்ற 12 பேரில் பத்துப் பேர் திரும்பிவந்து, அங்கே இராட்சதரைக் கண்டோம், ஏனாக்கின் குமாரர் முன்னிலையில் நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம் என்றார்கள். ஜனங்கள் அன்று இரவு முழுவதும் அழுதார்கள். எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்றார்கள். அந்த அச்சத்தின் விளைவாக, யோசுவாவையும் காலேபையும் தவிர அந்தத் தலைமுறையின் போர்வீரர்கள் யாவரும் வனாந்தரத்திலேயே மடிந்தார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் யோர்தான் கரைக்கு வந்து நிற்கும் வேளையில், எதிரே வருபவன் இராட்சதர் வம்சத்தில் எஞ்சிய ஒருவன். அவன் பட்டணங்களோ உயர்ந்த மதில்களும் வாசல்களும் தாழ்ப்பாள்களும் உடையவை. வேவுகாரர் சொன்ன இரண்டு பயங்களும், அதாவது பெரிய மனிதரும் பெரிய மதிலும், ஒரே இடத்தில் ஒரே அரசனிடம் சேர்ந்து வருகின்றன. தகப்பன்மார் தோற்ற அதே தேர்வைப் பிள்ளைகள் எத்ரேயியில் எழுதினார்கள். எனவே ஓக்கின் உடலளவைப் பற்றியே பேசிக்கொண்டு இந்த இணைப்பைக் கவனிக்காமல் விடுபவர்கள், உபாகமம் சொல்ல வந்த பொருளையே விட்டுவிடுகிறார்கள்.

அவன் எவ்வளவு உயரம்?

வேதாகமம் அவன் உயரத்தை எங்கும் சொல்லவில்லை. சொல்லப்பட்டிருப்பது கட்டிலின் அளவு மட்டுமே. ஒரு முழம் சுமார் 45 சென்டிமீட்டர் என்று கொண்டால், கட்டிலின் நீளம் ஏறக்குறைய 4 மீட்டர், அகலம் 1.8 மீட்டர். பல மேடைகளில் ஓக்கின் உயரம் 13 அடி என்று சொல்லப்படுவது, கட்டிலின் நீளத்தையே ஆளின் நீளமாக எடுத்துக்கொள்வதால் வரும் கணக்கு. எந்த மனிதனும் தன் உச்சந்தலையும் உள்ளங்காலும் சட்டத்தைத் தொடும்படி கட்டில் செய்துகொள்வதில்லை. அரசனின் கட்டில் தேவைக்கு மேலேயே பெரிதாக இருக்கும்.

12-ஆம் நூற்றாண்டின் யூத மேதை மைமோனிடீஸ் இதையே எடுத்துக்காட்டினார். கட்டில் வழக்கமாகப் படுப்பவனைவிட மூன்றில் ஒரு பங்கு நீளமாக இருக்கும், ஆகவே ஓக்கின் உயரம் ஆறு முழம் அல்லது அதற்குச் சற்று மேல் இருந்திருக்கும் என்பது அவர் முடிவு. ஆறு முழம் என்பது ஏறக்குறைய 2.7 மீட்டர். மருத்துவப் பதிவுகளில் ஐயமின்றி உறுதிசெய்யப்பட்டவர்களில் மிக உயரமானவர், 1940-இல் இறந்த அமெரிக்கர் ராபர்ட் வாட்லோ. அவர் உயரம் 2.72 மீட்டர். மைமோனிடீஸின் கணக்கு மனித உடலின் எல்லைக்குள்ளேயே நிற்பது வியப்பளிக்கிறது.

கட்டில் உண்மையிலேயே இரும்பால் ஆனதா?

இந்தக் கட்டிலைப் பற்றி மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, அது கட்டிலே அல்ல, கல்லாலான சவப்பெட்டியோ கல்லறையோ என்பது. பாசானின் பசால்ட் பாறை கரிய நிறமும் இரும்பைப் போன்ற கடினமும் கொண்டது. கோலானிலும் ஜோர்தானிலும் பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த கற்திட்டைகள் ஏராளமாக உள்ளன. அவற்றைக் கண்ட பிற்கால மக்கள் இராட்சதரின் படுக்கை என்று எண்ணியிருக்கலாம் என்பது இந்தக் கருத்தின் அடிப்படை. பல மொழிபெயர்ப்புகளின் அடிக்குறிப்புகளில் இது இடம்பெற்றிருந்தாலும், வசனத்தில் உள்ள சொல் வேறெங்கும் படுக்கையையே குறிக்கிறது. சவப்பெட்டி என்ற பொருளுக்கு வலுவான துணை இல்லை.

இரண்டாவது, மரக்கட்டிலில் இரும்பு வேலைப்பாடு பதிக்கப்பட்டிருந்தது என்பது. எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது இதுதான். ஆமோஸ் 6:4 தந்தக் கட்டில்களைப் பற்றிப் பேசுகிறது. யானைத் தந்தத்தையே குடைந்து கட்டில் செய்தார்கள் என்று அதை யாரும் படிப்பதில்லை. தந்தத் தகடுகள் பதித்த மரக்கட்டில் என்றே கொள்கிறோம், சமாரியாவின் அகழாய்வில் அத்தகைய தந்தப் பதிப்புகள் கிடைத்தும் உள்ளன. அதே முறையில் இரும்புக் கட்டிலையும் புரிந்துகொள்ளலாம். வெண்கலக் காலத்தில் இரும்பு அரிய பொருள். துட்டன்காமனின் கல்லறையில் தங்கக் கத்தியோடு சேர்த்து வைக்கப்பட்ட இரும்புக் கத்தி விண்கல் இரும்பால் ஆனது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு கட்டிலில் இரும்பு பதித்தவன், தன் செல்வத்தையும் பலத்தையும் காண்போர் கண்முன் பறைசாற்றியிருக்கிறான்.

மூன்றாவது, அளவைப் பற்றியது. பாபிலோனில் மர்தூக் தெய்வத்தின் ஆலயத்தை விவரிக்கும் களிமண் பலகை ஒன்று, அந்தத் தெய்வத்தின் கட்டிலுக்கும் ஒன்பது முழ நீளம், நாலு முழ அகலம் என்றே அளவு தருகிறது. இந்த ஒற்றுமையை வைத்து, தெய்வத்துக்குரிய கட்டிலில் படுத்த கர்வமுள்ள அரசன் என்று ஓக்கைச் சித்திரிக்கவே இந்த அளவு தரப்பட்டது எனச் சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். கவனத்துக்குரிய வாதம்தான், ஆனால் உபாகமம் மர்தூக்கைப் பற்றி மூச்சுவிடுவதில்லை என்பதால் நான் இதில் முழு எடையையும் வைக்க மாட்டேன்.

பாசான் ராஜாவின் கட்டில் அம்மோனியரின் ரப்பாவுக்கு எப்படிப் போனது?

வசனம் காரணம் சொல்லவில்லை. ரப்பா என்பது இன்றைய ஜோர்தானின் தலைநகர் அம்மான். போரில் கைப்பற்றிய பொருளாக அங்கே சென்றிருக்கலாம். அம்மோனியரும் முன்னொரு காலத்தில் தங்கள் நிலத்திலிருந்த சம்சூமியர் என்னும் இராட்சதரைத் துரத்திவிட்டுக் குடியேறியவர்கள் என்று உபாகமம் 2:20-21 சொல்வதால், இராட்சதரின் நினைவுப்பொருள் ஒன்றை அவர்கள் பெருமையோடு பாதுகாத்திருக்கக்கூடும்.

“இருக்கிறதல்லவா?” என்று அந்த வசனம் முடியும் விதத்தைக் கவனியுங்கள். கேட்பவர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சான்றாகக் காட்டும் தொனி அது. சந்தேகமிருந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல. அந்த வரி எழுதப்பட்ட நாளில் ரப்பாவில் அப்படியொரு கட்டில் மக்கள் பார்வைக்கு இருந்தது என்பதையே இது உணர்த்துகிறது. மோசேயின் பேச்சின் நடுவே பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட விளக்கக் குறிப்பு இது எனப் பல உரையாசிரியர்கள் கருதுவதற்கும் இந்தத் தொனியே காரணம்.

ரெப்பாயீமியர் என்போர் யார்?

கானானிலும் யோர்தானின் கிழக்கிலும் முற்காலத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் நெட்டையான மக்கள். உபாகமம் 3:11-இல் இராட்சதர் என்று வருவது இவர்களையே. மோவாபியர் அவர்களை ஏமியர் என்றும், அம்மோனியர் சம்சூமியர் என்றும் அழைத்தார்கள். ஆபிரகாமின் காலத்திலேயே, ஏலாமின் ராஜா கெதர்லாகோமேர் அஸ்தரோத் கர்னாயீமில் ரெப்பாயீமியரை முறியடித்தான் என்று ஆதியாகமம் 14:5 கூறுகிறது. ஆகவே ஓக்கின் நகரமாகிய அஸ்தரோத்துக்கும் இந்த மக்களுக்கும் உள்ள தொடர்பு வேதாகமத்தின் தொடக்கத்திலிருந்தே வருகிறது.

இதே பெயர் ஏசாயா 14:9 போன்ற இடங்களில் பாதாளத்தில் இருக்கும் செத்தவர்களின் ஆவிகளைக் குறிக்கிறது. இந்தப் புதிருக்கு 1929-இல் சிரியக் கடற்கரையில் தொடங்கிய உகாரித் அகழாய்வு புதிய வெளிச்சம் தந்தது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில், மறைந்த அரசர்களும் வீரர்களும் இதே பெயரால் விருந்துக்கு அழைக்கப்படுகிறார்கள். ஒரு பலகையில் நித்திய ராஜாவாகப் போற்றப்படும் ஒருவர், பல அறிஞர்களின் வாசிப்பின்படி, அஸ்தரோத்தில் வீற்றிருந்து எத்ரேயியில் ஆளுகிறார். ஓக்குக்கு வேதாகமம் தரும் அதே இரண்டு ஊர்கள்! பாசானைச் சுற்றி மாண்ட மாவீரர்களைப் பற்றிய மரபு ஒன்று இஸ்ரவேலருக்கு வெளியேயும் வழங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது அரிது.

வேதாகமத்துக்கு வெளியே ஓக்குக்குச் சான்று உண்டா?

அவன் பெயரை ஐயமின்றித் தாங்கிய அரச கல்வெட்டு எதுவும் இல்லை. அவன் நகரங்களுக்குச் சான்று உண்டு. கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எகிப்தின் அமர்னா கடிதங்களில் அஸ்தரோத் இடம்பெறுகிறது.

அறுபது நகரங்கள் என்பது நம்பத்தக்கதா? இராட்சதர் கட்டிய கல்வீடுகள் இன்றும் உள்ளன என்கிறார்களே?

அர்கோப் நாட்டில் மதில் சூழ்ந்த 60 பட்டணங்கள் என்று உபாகமம் 3:4-5 சொல்கிறது. சாலொமோன் காலத்து நிர்வாகப் பட்டியலிலும் (1 இராஜாக்கள் 4:13) அதே பகுதியில் அதே எண்ணிக்கை வருகிறது. எனவே அந்த வட்டாரத்தைச் சொல்லும்போது அறுபது என்பது நிலைத்த வழக்காக இருந்தது தெரிகிறது.

கல்வீடுகளைப் பற்றிய கூற்று தவறு. 19-ஆம் நூற்றாண்டில் ஹவ்ரானுக்குச் சென்ற ஐரோப்பியப் பயணிகள், சுவர் மட்டுமன்றிக் கூரை உத்திரமும் கதவும்கூடப் பசால்ட் கல்லாலேயே ஆன வீடுகள் ஊர் ஊராக நிற்பதைக் கண்டு திகைத்தார்கள். ஒற்றைக் கல்லில் செதுக்கிய கதவு, கல்லாலான முளையில் இன்றும் திரும்புவதைப் பார்த்தபோது, இவை ஓக்கின் மக்கள் வாழ்ந்த வீடுகளே என்று சிலர் நூல்களும் எழுதிவிட்டார்கள். ஆனால் அவை ரோமர், பைசாந்தியர் காலத்துக் கட்டடங்கள். ஓக்குக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவை. மரம் குறைந்துபோன நிலத்தில் கல்லே உத்திரமானது, அவ்வளவே.

பெண்களையும் பிள்ளைகளையும் அழித்ததாக உபாகமம் 3:6 சொல்கிறதே?

சொல்கிறது. அதை மழுப்பாமல் வாசிக்கவேண்டும் என்றே நான் நினைக்கிறேன். இந்த வசனத்தை வாசித்து மனம் கலங்காத விசுவாசி, வசனத்தைச் சரியாக வாசிக்கவில்லை.

புரிந்துகொள்ள உதவும் இரண்டு செய்திகள் உண்டு. பகைவரை முழுவதும் தெய்வத்துக்கென்று அழித்தோம் என்று பறைசாற்றுவது அந்தக் காலத்தின் பொதுவான போர்மொழி. 1868-இல் ஜோர்தானின் திபானில் கண்டெடுக்கப்பட்ட கி.மு. 9-ஆம் நூற்றாண்டின் மோவாபியக் கல்வெட்டில், மேசா ராஜா நேபோ ஊரின் 7,000 இஸ்ரவேலரை ஆண் பெண் வேறுபாடின்றித் தன் தெய்வத்துக்கு அப்படியே அர்ப்பணித்ததாகச் சொல்கிறான். இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்றும் சொல்கிறான், அழியவில்லை. அடுத்து, பாசான் பகுதியில் அனைவரும் அழிந்துபோகவில்லை என்பதற்கு வேதாகமமே சாட்சி. கெசூரியரையும் மாகாத்தியரையும் இஸ்ரவேலர் துரத்தவில்லை, அவர்கள் இந்நாள்மட்டும் இஸ்ரவேலின் நடுவில் குடியிருக்கிறார்கள் என்று யோசுவா 13:13 கூறுகிறது. தாவீது மணந்த மாக்காள் அந்தக் கெசூர் ராஜாவின் மகள். அவள் பெற்ற பிள்ளைதான் அப்சலோம். இவை அந்த வசனத்தின் கடுமையை நீக்கிவிடும் என்று நான் சொல்லவரவில்லை.

நோவாவின் வெள்ளத்தில் ஓக் தப்பினான் என்பது உண்மையா?

வேதாகமத்தில் இல்லை, யூத மரபுக் கதைகளில் உண்டு. அவன் மட்டும் தப்பியிருந்தான் என்ற வரியை, வெள்ளத்திலிருந்து தப்பியிருந்தான் என்று விரித்ததால் பிறந்தது அது. ரப்பி எலியேசரின் பெயரில் வழங்கும் தொகுப்பின்படி, பேழையின் வெளிப்புறத்தில் ஒரு படியின்மேல் ஓக் ஒட்டிக்கொண்டு, தானும் தன் சந்ததியும் என்றும் அடிமைகளாயிருப்போம் என்று நோவாவுக்கு ஆணையிட்டான். நோவா பேழையில் ஒரு துளையிட்டு நாள்தோறும் அதன்வழியே உணவு நீட்டினார்.

யூத அறிஞர்களின் பழைய விளக்கத் தொகுப்பாகிய தல்மூதில் வரும் கதை இன்னும் பிரம்மாண்டமானது. இஸ்ரவேலரின் பாளயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய மலையைப் பெயர்த்து ஓக் தலைமேல் தூக்கிவந்தான். கடவுள் அனுப்பிய எறும்புகள் மலையைத் துளைக்க, அது அவன் கழுத்தில் மாலைபோல் இறங்கிற்று. கழற்றப் பார்த்தான், பற்கள் இருபுறமும் நீண்டு தடுத்தன. பத்து முழ உயரமான மோசே, பத்து முழக் கோடரியை எடுத்து, பத்து முழம் எகிறி அவன் கணுக்காலில் வெட்டினார். கோடரி எட்டியது கணுக்கால் வரைதான் என்பதில் கதை சொல்லியின் முழு ஆற்றலும் தெரிகிறது. இன்னொரு பகுதியில், கல்லறை தோண்டும் அப்பா சவுல் ஒரு மானைத் துரத்தி ஒரு தொடை எலும்புக்குள் நுழைந்து, முடிவு காணாமல் நெடுந்தூரம் ஓடித் திரும்புகிறார். அது ஓக்கின் எலும்பு என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. வரலாறாக எடுத்துக்கொள்ளாவிட்டாலும், எபிரெயக் கற்பனை வளத்தின் உச்சங்களாக இவற்றை விரும்பி வாசிக்கலாம்.

இஸ்லாமிய மரபில் ஓக் இருக்கிறானா?

ஊஜ் இப்னு அனாக் என்ற பெயரில், மூசா நபியின் வரலாற்றைச் சொல்லும் நூல்களில் வருகிறான். கடலடியில் மீனைப் பிடித்துச் சூரியனில் சுட்டுத் தின்றான் என்றும் அக்கதைகள் கூறும். குர்ஆனில் அவன் பெயர் இல்லை. இப்னு கதீர் போன்ற உரையாசிரியர்கள் இக்கதைகளை ஆதாரமற்றவை என்று தள்ளிவிட்டார்கள்.

கோலியாத் அவன் வம்சமா?

அப்படி எங்கும் சொல்லப்படவில்லை. கோலியாத் காத் ஊரைச் சேர்ந்த பெலிஸ்தன். காலத்தால் மிகப் பிந்தியவன். எபிரெய மூலத்தில் அவன் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும், சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த பழஞ்சுருள் ஒன்றிலும் நாலு முழமும் ஒரு சாணும்.

பாலைவனத்தில் கிடைத்த இராட்சத எலும்புக்கூட்டின் படம் ஓக்குடையதா?

இல்லை. வாட்ஸ்அப்பில் அதிகமாகச் சுற்றும் அந்தப் படம், 2002-இல் படங்களை மாற்றியமைக்கும் இணையப் போட்டி ஒன்றுக்காகக் கணினியில் உருவாக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான புகைப்படம், நியூயார்க் மாநிலத்தில் 2000-இல் நடந்த யானையினப் புதைபடிவ அகழ்வில் எடுத்தது. வேதத்தை மெய்ப்பிப்பதாக எண்ணி இதைப் பரப்புவோர், பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற கட்டளையையும் அதே வேதத்தில் வாசிக்கவேண்டும்.

இறந்துபோன ஓர் அரசனை ஏன் இத்தனை முறை நினைவுகூர்கிறார்கள்?

எரிகோவின் ராகாபும், பிறகு கிபியோனியரும், இஸ்ரவேலரைக் கண்டு பயந்ததற்குச் சொல்லும் காரணங்களில் சீகோனும் ஓக்கும் அழிந்த செய்தி இருக்கிறது. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் நெகேமியா 9-இல் செய்யும் ஜெபத்திலும் அவன் பெயர் வருகிறது. சங்கீதம் 136 ஒவ்வொரு வரிக்கும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று மறுமொழி சொல்லும் பாட்டு. சூரியனையும் சந்திரனையும் உண்டாக்கியது, செங்கடலைப் பிரித்தது ஆகிய செயல்களின் வரிசையில் ஓக்குக்கும் ஒரு முழு வரி ஒதுக்கப்பட்டுள்ளது. அதைப் பாடிய ஒரு தலைமுறைக்கும் ஓக்கை நேரில் தெரியாது. ஆனால் தங்களுக்கு நிலம் எப்படிக் கிடைத்தது, தங்கள் முன்னோர் எந்தப் பயத்தைத் தாண்டினார்கள் என்பதை அந்தப் பெயர் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அவன் தேசம் பிறகு என்ன ஆனது?

மனாசேயின் பாதிக் கோத்திரத்துக்குக் கொடுக்கப்பட்டது. மனாசேயின் வம்சத்தானாகிய யாவீர் அர்கோப் பகுதியைக் கட்டிக்கொண்டு, ஊர்களுக்குத் தன் பெயரை இட்டான். கைப்பிசகாய்க் கொலை செய்தவன் ஓடிப் பிழைக்கும் அடைக்கலப் பட்டணங்களில் ஒன்றாகப் பாசானின் கோலான் ஒதுக்கப்பட்டது; இன்றைய கோலான் மேட்டின் பெயர் அதிலிருந்தே வருகிறது. இஸ்ரவேல் ராஜா யெகூவின் நாட்களில் சீரிய அரசன் ஆசகேல் பாசானைத் தாக்கிப் பிடித்தான். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசன் மூன்றாம் திக்லாத்-பிலேசரிடம் அது வீழ்ந்தது. அவன் அரண்மனைச் சுவர்ச் சிற்பம் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேட்டின்மேல் கோபுரங்களோடு கூடிய மதில் நகரம், அதிலிருந்து கைதிகளாக வெளியேறும் மக்கள், அவர்களின் ஆடுமாடுகள். நகரத்தின் பெயர் மேலே பொறிக்கப்பட்டிருக்கிறது: அஸ்தார்த்து, அதாவது ஓக்கின் அஸ்தரோத்.